இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி காதைத் தீட்டுங்க



ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இன்னிக்கு வந்தது ஒரு புலம்பலுக்காக. புலம்பலோட சேர்த்து ஒரு கருத்தும் இருக்கு. கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பொறுமை இல்லாதவங்க அதோட எஸ்கேப் ஆகிக்கலாம் :)

வண்டியில சத்தம் வந்தா, முதல்ல அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குக் காசு குடுங்க. சாமான் மாத்தறதுக்கு அப்புறமா குடுக்கலாம்.

அவ்ளோதான் மேட்டர். இதைக் கத்துக்க எனக்கு 6,800 ரூபாயும் மூணு மாசமும் செலவாச்சு. உங்களுக்கு ஓசியில சொல்றேன், கேட்டுக்கோங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

நம்ம வண்டி 2009 மாடல். நூறு சிசி, ஒத்தை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், கார்புரேட்டர், காத்துல ஆறுற இன்ஜின். தெருவுக்குப் பத்து நிக்குமே, அதே ஜாதிதான். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், தப்பு கம்பெனி மேல இல்ல. மீட்டர்ல 92,000 கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்துலேருந்து காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பக்கம் ஆபீஸ், மறுபடி வீடு, இதுவே அதோட பொழப்பு. எம் பொண்ணு எல்.கே.ஜி. போனப்ப பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து போனா. இப்ப பிளஸ் டூ. சாயங்காலம் நான் தெருமுனை திரும்பறப்பவே சத்தத்தை வச்சு கண்டுபிடிச்சு கேட்டைத் திறந்துடுவா. அதே மாதிரி வண்டி எங்க தெருவுலயே நாலு இருக்கு. ஆனா நம்ம வண்டிக்கு மட்டும்தான் கேட் திறக்கும்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் கேட் திறக்கல. ஹாரன் அடிச்சேன். வந்து திறந்துட்டு, "அப்பா, வண்டி சத்தம் மாறிடுச்சு. முன்னாடிலேருந்து ச்சிக் ச்சிக்னு காத்து போற மாதிரி கேக்குது"ன்னா.

நான் என்ன சொன்னேன்? "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

(இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில இதுக்கு அசிங்கப்பட்டேன்.)

ஒரு வாரத்துல எனக்கே கேக்க ஆரம்பிச்சது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டக் டக் டக். ரெண்டு மூணு கிலோமீட்டர் போனதும் குறையும். பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமா போனா எதிரொலிச்சு இன்னும் அதிகமா கேக்கும். வழக்கமா போற கடைக்குப் போனேன். பையன் ரெண்டு தடவை ரேஸ் பண்ணிட்டு "டாப்பெட் சார்"னான். பத்து நிமிஷம். இன்ஜின் சூடா இருக்கறப்பவே மூடியைக் கழட்டினான், முடுக்கினான், மாட்டினான். சத்தம் பாதி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. 100 ரூபா குடுத்துட்டு சந்தோஷமா வந்துட்டேன்.

ரெண்டு நாள்ல வேற கூத்து. வண்டி சூடானதும் சிக்னல்ல ஐட்லிங் நிக்காம அணையுது. இழுவை இல்ல. மிச்ச சத்தம் அப்படியே இருக்கு.

அடுத்து மெயின் ரோட்ல பெரிய பட்டறை. அங்க இருந்தவர் நல்ல மனுஷன்தான், ஏமாத்துக்காரர் இல்ல. இதை அழுத்திச் சொல்றேன். "காலையில சத்தம் அதிகமா, சூடானா குறையுதா? அப்ப பிஸ்டன் ஆடுது. 92 ஆயிரம் ஓடியிருக்கு, போர் தேஞ்சிருக்கும்"னார். புஸ்தகப்படி பாத்தா அவர் சொன்னது தப்பே இல்ல. தேஞ்ச போர்ல பிஸ்டன் இப்படியும் அப்படியும் சாஞ்சு சுவர்ல அடிக்கும். சூடேறினா பிஸ்டன் விரிஞ்சு இடைவெளி குறையும், சத்தமும் குறையும். நானும் தலையாட்டினேன். பொண்ணு டியூஷன் ஃபீஸுக்கு எடுத்து வச்சிருந்த காசுலேருந்து 6,800 எடுத்தேன். ரீபோர், புது பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட், டாப்பெட்டும் சரி பண்ணிக் குடுத்தாங்க. தங்கமணி ஒரு பார்வை பாத்தாங்க. பாஷை தேவையில்லாத பார்வை அது.

நாலு நாள் கழிச்சு வண்டியை எடுத்தேன். ஐட்லிங் அருமை. இழுவை அருமை.

மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினேன். டக் டக் டக்.

மக்களே, அந்த நிமிஷம் என் மூஞ்சியை யாரும் போட்டோ எடுக்காம விட்டது என் அதிர்ஷ்டம்.

திரும்பப் போனேன். "புது போர் சார், செட் ஆகணும். ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க"ன்னாங்க. ஓட்டினேன். அதே சத்தம். "அப்ப கிராங்க் பாக்கணும் சார், இன்ஜினை முழுசா இறக்கணும்." எவ்ளோ ஆகும்னு கேக்கக்கூடத் தெம்பு இல்ல. வித்துடலாம்னே முடிவு பண்ணிட்டேன். பதினஞ்சாயிரத்துக்கு ஒருத்தர் கேட்டும் வச்சிருந்தார். வீட்ல சொன்னப்ப பொண்ணு ஒண்ணும் சொல்லல. வாசல்ல போய் வண்டி சீட்டுல உக்காந்துக்கிட்டா. அவ்ளோதான்.

ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர்தான் உறையூர் பக்கம் ஒரு பாயைச் சொன்னார். ஓட்டுக் கொட்டகை, வாசல்ல வேப்பமரம், உதவிக்குப் பையன் கூட கிடையாது. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். சாவியை நீட்டினேன், வாங்கல. கேள்வி கேட்டார்.

"சத்தம் எப்பேர்ந்து தம்பி? ஆறின வண்டியிலயா சூட்டுலயா? கிளட்ச் புடிச்சா மாறுதா? மேடு ஏறும்போது கூடுதா? புகை வருதா? போர் பண்றதுக்கு முன்னாடி ஆயில் குடிச்சுச்சா?"

புகையும் இல்ல, ஆயிலும் குறையலனு சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தார். "அப்புறம் எதுக்குத் தம்பி போர் பண்ணீங்க?"

என்னத்தைச் சொல்ல.

"ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும். ஆறின இன்ஜின்லதான் கேக்கணும். காலையில ஏழு மணிக்கு வாங்க, நீங்க வர்ற வரைக்கும் கிக்கர்ல கால் வைக்க மாட்டேன்."

காலையில போனேன். முதல்ல ஆயில் அளவு பாத்தார். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, நீளமான திருப்புளி ஒண்ணை எடுத்து முனையை இன்ஜின்ல வச்சு, கைப்பிடியைக் காதுக்கு முன்னாடி எலும்புல அழுத்திக்கிட்டார். டாப்பெட் மூடி, பிளாக், மேக்னெட் கவர், கிளட்ச் கவர்னு ஒவ்வொரு இடமா வச்சார். 1816-ல லென்னக்ங்கற பிரெஞ்சு டாக்டர் காகிதத்தைக் குழலாச் சுருட்டி நோயாளி நெஞ்சுல வச்சுக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்துச்சு. பாய் கையில இருந்தது அதோட ஒண்ணுவிட்ட தம்பி. என்கிட்டயும் குடுத்துக் கேக்கச் சொன்னார். டாப்பெட்ல சன்னமா டிக் டிக். பிளாக்ல பெரிசா ஒண்ணும் இல்ல. "உள்ள நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, ஹெட்ல சைலன்சர் பென்ட் பைப் சேர்ற இடத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போனார். தொடல, கிட்ட வச்சார். என் கையையும் வைக்கச் சொன்னார்.

ச்சிக் ச்சிக்னு காத்து அடிச்சது.

சோப்புத் தண்ணியைத் தொட்டு அந்த மூட்டைச் சுத்தித் தடவினார். நுரை பொங்குது! கழட்டினா, உள்ள கேஸ்கட் நசுங்கி ஒரு பக்கம் கருகிக் கிடக்கு. ஒரு ஸ்டட்ல மரை போயிருந்ததால நட்டு பிடிக்கவே இல்ல, ஒரு பக்கமா சாஞ்சு நின்னிருக்கு. போர் வேலைக்கு அதே பைப்பைக் கழட்டி, அதே பழைய கேஸ்கட்டோட திரும்ப மாட்டியிருக்காங்க. சத்தம் ஏன் போகும்?

இப்ப யோசிச்சா எல்லாம் புரியுது. நாலு ஸ்ட்ரோக்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்துதான். டாப்பெட் தட்டறதும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை, புகை வெளிய தள்றதும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை. தாளம் ஒண்ணா இருக்கறதால கசிவு டாப்பெட் மாதிரியே கேக்கும். இன்ஜின் சூடேறினா உலோகம் விரிஞ்சு இடுக்கு கொஞ்சம் அடையும், சத்தம் குறையும். அதனால பிஸ்டன் மாதிரியும் கேக்கும். ரெண்டு கடைக்காரரும் முட்டாள் இல்ல. ரெண்டு பேரும் முதல்ல தோணின பதிலோட நிறுத்திக்கிட்டாங்க, அதுதான் பிரச்சனை.

புது கேஸ்கட், ஸ்டட், நட்டு. ஸ்டார்ட் பண்ணினார். பழைய சத்தம். பதினேழு வருஷத்துக் கதி!

"எவ்ளோ பாய்?"

"எண்பது ரூபா குடுங்க தம்பி."

"அது சாமானுக்கு. நீங்க பாத்ததுக்கு?"

சிரிச்சார். "பாக்கறதுக்கெல்லாம் யார் தம்பி காசு குடுப்பா? சாமான் மாத்தினாத்தான் குடுப்பாங்க."

இந்தப் பதிவே அந்த ஒத்தை வாக்கியத்துக்காகத்தான். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதுவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. தப்பா சொன்ன இடத்துல 6,800 குடுத்தேன். சரியா சொன்ன இடத்துல 80 கேக்கறார். இதுல அயோக்கியன் யாரு? நான்தான்.

நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி பின்னாடி கடகடன்னு சத்தம் வந்து, ஒரு கடைக்காரர் அரை மணி நேரம் தடவித் தடவிப் பாத்து, சாரி கார்டு போல்ட் லூசா இருக்குன்னு கண்டுபிடிச்சு முடுக்கினார். 50 ரூபா கேட்டார். "ஒரு போல்ட் முடுக்கினதுக்கு அம்பதா?"ன்னு சண்டை போட்டு இருபதைக் குடுத்துட்டு வந்தேன். அவர் கேட்ட காசு போல்ட்டுக்கு இல்ல, அந்த அரை மணி நேரத்துக்கு. நாம இப்படியே ஆயிரம் பேர் பண்ணினா அடுத்த தடவை அவர் என்ன பண்ணுவார்? காதை மூடிக்கிட்டு ஸ்பேனரை எடுப்பார். கடை வாடகையும் கரண்ட் பில்லும் சாமான்லதானே வருது. "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க"ன்னு சொன்னா அவருக்குப் பூஜ்ஜியம். ஹெட்டை இறக்கினா காசு. நேர்மையான ஆளைக்கூட அந்தப் பக்கம் தள்ளி விடறது நாமதான். டாக்டர் ஒரு மாத்திரையும் எழுதாம "நல்லா இருக்கீங்க"ன்னு சொன்னாலும் ஃபீஸ் குடுத்துட்டு நிம்மதியா வர்றோமே!

சரி, பதிவைப் படிச்சதுக்கு ஏதாவது உருப்படியா கிடைக்கணும்ல. பாய்கிட்ட கேட்டதும், நானே கையைச் சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டதும் சேர்த்து, செலவு கம்மியானதுலேருந்து வரிசையா:

1. ஆயில். இந்த சைஸ் வண்டியில மொத்தமே ஒரு லிட்டர் சுமார்தான். அதுல கால் லிட்டர் குறைஞ்சாலே பெரிய குறை. கேம் இருக்கறது உச்சியில, அதனால ஆயில் பத்தலனா முதல்ல அங்கதான் காயும், டாப்பெட் சத்தம் மாதிரி கேக்கும். இன்னொண்ணு, கார் ஆயிலை ஊத்தாதீங்க. இந்த வண்டிகள்ல கிளட்ச் ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கு, வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவுல ஜாசோ எம்ஏ-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

2. வெளிய ஆடுற சமாச்சாரம். சைலன்சர் தகடு, செயின் கவர், சாரி கார்டு, நம்பர் பிளேட், இன்ஜின் மவுண்ட் போல்ட். ஒவ்வொண்ணா கையால அமுக்கிப் பாருங்க (சூடான இடத்தை விட்டுட்டு!). அமுக்கினா நிக்குதா? கேஸ் முடிஞ்சது.

3. ஓடும்போது மட்டும் வருதா? ஸ்டாண்ட்ல நிறுத்தி ரேஸ் பண்ணினா இல்லையா? அப்ப இன்ஜினை விடுங்க. செயின், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங் பக்கம் போங்க.

4. கிளட்ச். நியூட்ரல்ல சத்தம் வருது, கிளட்ச் புடிச்சா மாறுது அல்லது நிக்குதுன்னா கிளட்ச் கூடை, கியர் பக்கம் தேடணும். ஹெட்டைத் தொட வேலையே இல்ல.

5. பென்ட் பைப் கசிவு. நம்ம கதை. மூட்டைச் சுத்திக் கருப்பா கரி படிஞ்சிருந்தா சந்தேகப்படுங்க.

6. டாப்பெட். இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேக்னெட் குறியை நேரா வச்சு, ஃபில்லர் கேஜ் போட்டுத்தான் பாக்கணும், கைப்பழக்கத்துல முடுக்கக் கூடாது. இந்த ரக வண்டிகளுக்குப் பொதுவா 0.05-லேருந்து 0.10 மில்லிமீட்டர். உங்க வண்டிக்கு எவ்ளோன்னு கையேட்டுல இருக்கும். முக்கியமா ஒண்ணு: டாப்பெட்ல சன்னமா சத்தம் இருக்கணும். சத்தமே வராத அளவுக்கு முடுக்கினா, சூட்டுல வால்வ் நீண்டு முழுசா மூடாது. கம்ப்ரஷன் போகும், அப்படியே ஓட்டினா வால்வ் கருகும். முதல் கடைப் பையன் எனக்குப் பண்ணின உபகாரம் அதுதான்.

7. டைமிங் செயின். ஐட்லிங்லயும், ஆக்சிலேட்டரை விடும்போதும் சலசலன்னு கேக்கும். பெரும்பாலும் டென்ஷனர் வேலை.

8. மேடு ஏறும்போது, லோடுல மட்டும் கிண் கிண்னு தட்டுதா? தலைக்குள்ள கரி, டைமிங், பெட்ரோல் இதெல்லாம் பாக்கணும். அதுவரைக்கும் கியரைக் குறைச்சு ஓட்டுங்க.

9. இதெல்லாம் தாண்டினப்புறம்தான் பிஸ்டன், போர். அதுக்கும் சாட்சி வேணும். நீலப் புகை, ஆயில் குறையறது, கம்ப்ரஷன் கம்மியாகறது. ஒரு சாட்சியும் இல்லாம வெறும் சத்தத்தை வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. அடியிலேருந்து கனமா, மட மடன்னு இடிக்கிற சத்தம், லோடுல கூடிக்கிட்டே போகுதுன்னா ஓட்டாதீங்க. கன்ராடு பேரிங்கா இருக்கலாம், நடு ரோட்ல இன்ஜின் பிடிச்சா ஆளையே தூக்கி எறியும். அந்த இடத்துலயே அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டுப் போங்க. காது கேட்டுக்கிட்டு இருக்கற நேரம் அது இல்ல.

"பாக்கறதுக்குக் காசு வாங்கிட்டுத் தப்பா சொன்னா என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. நியாயம். சத்தம் எங்க வருது, எப்படித் தெரியும்னு கேளுங்க. திருப்புளியை உங்க காதுல வைக்கச் சொல்லுங்க. காட்ட முடியாதவர்கிட்ட வண்டியைப் பிரிக்க விடாதீங்க. தப்பாவே போனாலும் உங்களுக்கு நஷ்டம் இருநூறு. எனக்கு ஆனது 6,800.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர் வந்துடுச்சு, ஸ்கேனர் சொல்லிடும்"னும் சிலர் சொல்றாங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்புறம் புது வண்டிகள்ல கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு, உண்மைதான். ஆனா ஸ்கேனர் சென்சார் சொல்றதைத்தான் சொல்லும். நசுங்கின கேஸ்கட்டுக்கும் மரை போன ஸ்டட்டுக்கும் சென்சார் கிடையாது. அதுக்கு இன்னும் காதுதான்.

பாய்கிட்ட அன்னிக்கு ஐநூறு ரூபாயை நீட்டினேன். ரொம்ப நேரம் மறுத்துட்டு, சாமான் காசு போக இருநூறு எடுத்துக்கிட்டார். "பாக்கறதுக்குன்னு காசு வாங்கறது இதான் முதல் தடவை தம்பி"ன்னார். நாப்பது வருஷமா தொழில் பாக்கற மனுஷன். எனக்கு அது பெருமையா இல்ல, கூச்சமா இருந்துச்சு.

சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு தெருமுனை திரும்பினேன். கேட் திறந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு வண்டிக்கு?"

"பென்ட் பைப்ல காத்து போயிருக்கு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"

சொன்னா. ஓசியில சொன்னா. அதான் நான் கேக்கல.

டிஸ்கி: இந்தப் பதிவைத் தங்கமணி படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் 6,800-னு உண்மைத் தொகையை எழுதியிருக்கேன். வீட்டுக் கணக்குல அது 4,500. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :)